வாகினிக்கு வந்த முதிர்ச்சி

உக்குவளை,
புதன்கிழமை.

கலேவெலயில் இருக்கும் அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் ஆண்டவரின் சமாதானம் உண்டாவதாக. இங்கே அவர் கிருபையால் எல்லோரும் சுகம். என் வயிற்றெரிச்சலைத் தவிர வேறு நோய்நொடி இல்லை. கீழே எழுதியிருப்பதைக் கோள் என்று நினைக்காமல் ஜெபக்குறிப்பு என்று நினைத்து வாசிக்க வேண்டுகிறேன்.

விஷயம் பக்கத்து வீட்டு வாகினி. இரண்டு வருடத்துக்கு முன் கையைப் பிடித்துச் சபைக்குக் கூட்டிப்போனது நான். வேதாகமத்தில் சங்கீதம் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது நான். இப்போது புது விசுவாசிகளுக்கு வகுப்பு நடத்த "ஆவிக்குரிய முதிர்ச்சி உள்ள ஒருவரை" வருகிற ஞாயிறு அறிவிக்கப்போகிறாராம் போதகர். இருபத்திரண்டு வருடமாக முதல் வாங்கில் உட்காருகிற என்னை விட்டுவிட்டு அவர் கண் வாகினி மேல் போகிறது. அவள் ஜெபம் மூன்றே வரிதான் அக்கா. "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்களே பாத்துக்கங்க. ஆமென்." அதற்கே சபை கண்ணைத் துடைக்கிறது. நான் ஆதியாகமத்தில் தொடங்கி இருபது நிமிஷம் ஜெபித்தால் பின்வரிசை வாங்கில் இருமுகிறார்கள்.

சும்மா இருப்பேனா? நானும் முதிர்ச்சியில் இறங்கினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, அவள் வீட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துச் சத்தமாக ஜெபித்தேன். மூன்றாம் நாள் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "அக்கா, வீட்டுல யாருக்கும் சுகமில்லயா? ஓட்டோவுக்குச் சொல்லவா?" என்று கேட்கிறாள். பிறகு உபவாசம். "இன்று உபவாசம், யாரும் அழைக்க வேண்டாம்" என்று சபை வட்ஸ்அப் குழுவில் காலையிலேயே போட்டேன். ஒருவரும் அழைக்கவில்லை, அது வேறு கவலை. பின்னேரம் வீட்டில் பாட்டுப் பழகும்போது தலை சுற்றி ஆர்மோனியத்தின் மேலேயே விழுந்தேன். கஞ்சியோடு ஓடி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு கோப்பை குடித்தேன். ருசியாக வேறு இருந்தது. அவள் பொல்லாதவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! ஒரு குற்றம் கண்டுபிடிக்க நான் படுகிற பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். போதகர் உங்கள் பேச்சைத் தட்டமாட்டார். சனிக்கிழமைக்குள் ஒரு டெலிபோன் கோல் எடுத்து, வாகினி இன்னும் பிஞ்சு, கொஞ்சம் வளரட்டும் என்று நீங்களாகச் சொல்வதுபோல் சொல்லுங்கள். என் பெயரை இழுக்க வேண்டாம். இருபத்திரண்டு வருடம் அக்கா. இந்த வகுப்பும் கிடைக்காவிட்டால் நான் வளரவே இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அத்தானின் முழங்கால் வலிக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். பிள்ளைகளை ஆண்டவர் தம் சிறகால் மூடிக் காப்பாராக.

என்றும் உங்கள் தங்கை,
தவமணிதேவி

பி.கு.: போதகருக்குக் கோல் எடுக்க வேண்டாம். உறையை ஒட்டப்போகிற நேரத்தில் வாகினி வந்தாள். உட்காரக்கூட இல்லை. "அக்கா, போதகர் என்னயத்தான் வகுப்பு எடுக்கச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். ரெண்டு வருஷமா எனக்கு உங்க மேல பொறாமைக்கா. இவ்வளவு வசனம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களேன்னு. இத மனசுல வச்சிக்கிட்டு நான் யாருக்கு என்ன சொல்லிக்குடுக்குறது? என்னய மன்னிச்சிருங்க" என்று அழுதாள். நான் பக்கம் பக்கமாக உங்களுக்கு எழுதியதை அவள் ஒரு நிமிஷத்தில் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, பரவாயில்ல, மன்னிச்சிட்டேன்" என்றேன், பெரிய மனுஷி மாதிரி. அவள் போய் அரை மணி நேரம் ஆகிறது. வகுப்பு இனி எனக்குத்தான். ஆனால் மன்னிப்புக் கேட்பதிலும் அவள் முந்திக்கொண்டாள் அக்கா. அவள் வீட்டு வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய், கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.