தொடர்பு விட்டுப்போன முப்பத்தேழு

மனிதகுலத்தின் சிறுநீரகங்களுக்கு விடிவுகாலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்குப் பிறந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிப் பேராசிரியர், தம் புதிய மருந்து 'நூற்றுக்கு நூறு' வெற்றி என்ற கடைசி வரியைத் தட்டச்சு செய்து முடித்தார். பதினோரு மணிக்கு ஒரு தையல்காரி வந்து அதைக் கெடுக்கப் பார்த்தாள்.

அவளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி கட்சி மாறி உடம்பையே அடிக்கும் நோய். தோல், மூட்டு என்று கைவரிசை காட்டிவிட்டுச் சிறுநீரகத்துக்கு வந்திருந்தது. பேராசிரியரின் மருந்து ஆய்வில் அவள் எண் முப்பத்தேழு. போன மாதம் பரிசோதனைக்கு வந்த நாளில் லிஃப்ட் பழுது. வீங்கிய காலோடு மூன்று மாடி ஏற முடியாமல், கீழே காவலாளி பக்கத்து பெஞ்சில் மாலை வரை உட்கார்ந்திருந்தாள். காவலாளி தன் நோட்டில் அவள் வருகையை எழுதினார். அறிவியலோ மூன்றாம் மாடி நோட்டை மட்டுமே நம்பும்.

லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. இன்று படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்திருந்தாள். கையில், ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர் கேன்.

"நீங்க தொடர்பு விட்டுப்போனவங்கம்மா," என்றார் பேராசிரியர், கனிவாக.

"நானா? எதிர்லயே நிக்கிறேனே சார்."

"நிக்கிறது உடம்பு. நான் சொல்றது டேட்டா. அதுப்படி நீங்க போன மாசமே காணாமப் போயிட்டீங்க."

"கீழதான் சார் இருந்தேன். இதைப் பாருங்க, சோப்புத் தண்ணியாட்டம் நுரைக்குது. நுரைச்சா புரதம் போகுதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

பேராசிரியர் பார்க்கவில்லை. பார்த்தால் அளக்க வேண்டும். அளந்தால் எழுத வேண்டும். இப்பேர்ப்பட்ட புலனடக்கம் முனிவர்களுக்கே கைவராது.

"யோசிச்சுப் பாருங்க. நீங்க காணாமப் போனா மருந்து ஜெயிக்குது. கிடைச்சுட்டா தோத்துடும். எத்தனை ஆயிரம் பேரோட நம்பிக்கை!"

"அப்போ என் கிட்னி?"

"அது உங்க சொந்த விஷயம்."

"பயாப்ஸி எடுத்துப் பார்த்து மருந்தை மாத்துங்க சார். இப்பவே மாத்தினா காப்பாத்திடலாம்னு இந்த நர்ஸம்மாதான் சொன்னாங்க."

"நான் பொதுவாச் சொன்னேன்," என்றாள் நர்ஸ், சுவரிடம்.

"ஆய்வுல இல்லாதவங்க வெளிநோயாளிப் பிரிவுல புதுசாப் பதியணும்மா. நாலு மாசத்துல கூப்பிடுவாங்க."

அவள் கேனை 'நூற்றுக்கு நூறு' அறிக்கையின் மேலேயே வைத்தாள். "காணாமப் போனவ விட்டுட்டுப் போனதுன்னு எழுதிக்கோங்க."

செல்லுபடியாகும் எண் இல்லாததால், கேன் முறைப்படி கழிப்பறையில் ஊற்றப்பட்டது.

நான்காம் மாதம் அழைப்பும் முறைப்படி வந்தது. சிறுநீரகங்களுக்கு அந்த முறை தெரிந்திருக்கவில்லை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், டயாலிசிஸ் அறையில், அவள் ரத்தத்தை ஓர் இயந்திரம் கழுவத் தொடங்கியது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரிக்காரர் தலையைத் திருப்பினார். "மூணாவது மாடி கேஸாம்மா?"

"ஆமாண்ணே. முப்பத்தேழு."

"நான் பன்னெண்டு. ஓரத்துல தூங்குறாரே, அவர் இருபத்தொண்ணு. கதவு பக்கம் ஒம்பது."

"எல்லாரும் லிஃப்டாலயா?"

"நான் ஒரு நாள் லேட்டு. அவர் போன் நம்பரை மாத்திட்டாராம். ஒம்பது, பாவம், ஆஸ்பத்திரியில படுத்திருந்துச்சு. இந்த ஆஸ்பத்திரியிலதான்."

"பரவால்லண்ணே. காணாமப் போனாலும் ஒரே எடத்துலதான் போயிருக்கோம்."

பேராசிரியருக்கு விருது கிடைத்தது. மேடையில் அவர் குரல் தழுதழுத்தது: "தொடர்பு விட்டுப்போன அந்தச் சகோதர சகோதரிகளை எங்கெங்கோ தேடினோம். எங்கிருந்தாலும் நலமாக இருக்கட்டும்!"

லிஃப்டும் சரியாகிவிட்டது. மாலைதோறும் பேராசிரியர் அதில்தான் இறங்கி, டயாலிசிஸ் அறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டித் தம் காருக்குப் போகிறார். கதவு நெருங்கியதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

அந்தப் பத்தடி தூரமும் அவர் யாருடனோ தொடர்பில் இருக்கிறார்.