இன்பமேரி நினைவுப் பெஞ்சு

பெஞ்சு போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு ஈ, காக்கா கூட அதில் உட்காரவில்லை.

கீழப்புதூர் பஸ் ஸ்டாப்பில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு காலிலும் மாற்றி மாற்றிப் பாரத்தைப் போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி நின்றாளே தவிர, கைக்கெட்டும் தூரத்தில் பளபளவென்று கிடந்த பெஞ்சின் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் கண்ணையன் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மரியதாஸுக்கு வயிறு எரிந்தது.

"இன்னா ஊருடா இது? சும்மா கீற பெஞ்சுல உக்காரக்கூட இந்த ஜனத்துக்கு வலிக்குதா?"

கண்ணையன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். "அண்ணா, அந்தப் பெஞ்ச நீங்க பாத்தீங்களா?"

"நான்தான்டா போட்டேன்."

"போட்டீங்க. பாத்தீங்களான்னு கேக்கறேன்."

மரியதாஸ் பார்க்கத்தான் பார்த்தார். கல்லை வைத்த அன்று 'இன்பமேரி' என்ற பெயரைப் படித்ததுமே கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இப்போது ரோட்டைக் கடந்து போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழுசாகப் படித்தார்.

உட்காரும் இடத்தில் பதித்த கறுப்புக் கிரானைட். நட்டநடுவில் சிலுவை. சிலுவைக்குக் கீழே பெயர். பெயருக்குக் கீழே தோற்றம், மறைவு. எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில்: 'ஆண்டவரில் துயில்கொள்கிறார்.'

துயில்கொள்கிறவர் மேல் எவன் வந்து உட்காருவான்?

மரியதாஸ் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சில் மகா கஞ்சன். 'ம்' என்றால் சரி, 'ம்ஹூம்' என்றால் இல்லை, அவ்வளவுதான் அவர் அகராதி. குழம்பில் உப்பு குறைந்தால் கூட வாயைத் திறக்க மாட்டார். உப்பு ஜாடியைப் பார்ப்பார், இன்பமேரி எழுந்து எடுத்து வருவாள். ஒரே மகன் லியோ பிரகாஷ் ஓசூரில் வேலை. வீட்டில் இவர்கள் இரண்டு பேரும், டிவியும்தான். டிவி நன்றாகப் பேசும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் இன்பமேரி தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு, "வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போயிட்டு வரேங்க" என்பாள்.

"ம்" என்பார் இவர்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவாள். மூட்டுவலிக்காரி. வாசல்படி ஏறும்போது "மாதாவே" என்பது உள்ளே கேட்கும். இவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார், அதுதான் அவர் காட்டிய அக்கறை. அவர் வண்டி என்னவோ வாசலில்தான் நின்றது. ஒருநாள், ஒரேயொரு நாள், "வா, நான் கொண்டு போய் விடறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பங்குனியில் ஒரு காலை, அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து போய்விட்டாள்.

சாவு வீட்டில் எவளோ ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "பாவம், அந்தக் கால வெச்சிக்கினு எவ்ளோ நேரம் பஸ் ஸ்டாப்புல நிப்பாங்க!"

அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. நின்று நின்றே போய்ச் சேர்ந்துவிட்டாளே என்று இரவெல்லாம் புரண்டார். அவள் நின்ற இடத்தில் ஒரு பெஞ்சு போட வேண்டும், நாலு ஜனம் உட்கார்ந்து, 'அப்பாடா, புண்ணியவதி' என்று ஒரு மூச்சு விட வேண்டும். அப்படி ஒரு மூச்சு கேட்டுவிட்டால் தனக்கும் தூக்கம் வரும் என்று நம்பினார்.

நேரே கல் செதுக்கும் பலராமனிடம் போனார்.

"யோவ் பலராமா, இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க? பெஞ்சு கேட்டா கல்லற குடுக்குற?"

பலராமன் உளியைக் கீழே வைத்தார். "நீங்க இன்னா சொன்னீங்க? 'எங்க வூட்டம்மாவுக்குப் போன தடவ போட்டியே, அதே மாதிரி நல்லா பண்ணிக்குடு'ன்னீங்களா இல்லியா?"

"எழுத்து அதே மாதிரி வேணும்னு சொன்னேன்யா!"

"எழுத்துன்னு எங்க சொன்னீங்க? நீங்க சொல்றதே ரெண்டு வார்த்த, அதுல பாதிய முழுங்கிட்டா நான் இன்னா பண்றது? ஒரே பொண்டாட்டிக்கு ரெண்டு கல்லு வாங்குறாரே, இன்னா பாசம்னு எங்க வூட்ல சொல்லிக் கண்ணு கலங்கினேன் தெரியுமா?"

"சரி, இப்ப இன்னா பண்றது?"

"திருப்பிப் போட்டுட்டா தீந்துது. அடிப்பக்கம் வழவழன்னுதான் இருக்கும்."

தீர்ந்ததா? அங்கேதான் ஆரம்பித்தது. பலராமன் கடப்பாறையோடு வந்து கல்லை நெம்பித் தூக்கும் நேரம் பார்த்தா பாகூர் பஸ் வந்து நிற்க வேண்டும்? ஜன்னல் ஓரம் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். சிலுவை போட்ட கல், கடப்பாறை, பக்கத்தில் கண் சிவந்த கிழவர்.

"ஐயையோ! பாடிய எடுக்கறாங்க!"

பஸ் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிரைவர் இறங்கி வந்து சிலுவை போட்டுக்கொண்டார், அவர் இந்து. கண்டக்டர், "பெரியவரே, புதைச்சவங்கள நிம்மதியா விடுங்க" என்று புத்தி சொல்லிவிட்டு விசில் ஊதினார். சாயங்காலத்துக்குள் சுற்று வட்டாரம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கல்லைத் திருப்பிப் போட்டதுதான் மிச்சம். அதுவரை கல்லறை மாதிரி இருந்த பெஞ்சு, அன்றிலிருந்து கல்லறையே ஆகிவிட்டது.

"உள்ள ஒண்ணும் இல்லப்பா, செங்கல்லுதான்" என்று மரியதாஸ் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை வந்ததே ஊருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஜனம் பஸ் ஸ்டாப்பில் தொப்பலாக நனைந்து நின்றது. மரியதாஸுக்கு யோசனை வந்தது. கூரை போட்டால்? மழைக்கு ஒதுங்கியவன் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? வெல்டிங் கடையில் சொல்லி, வளைவாக ஒரு தகரக் கூரை அடித்துக் கொண்டுவந்து மாட்டினார். வீட்டில் மிச்சமிருந்த பெயின்ட்டை எடுத்து அதற்கு அடித்தார். உள்பக்கம் நீலம், வெளிப்பக்கம் வெள்ளை.

நாலடி தள்ளி நின்று பார்த்த கண்ணையன் தலையில் கை வைத்தான். "அண்ணா, உங்காளுங்க மாதாவ வெக்கிற குகை, கெபின்னுவீங்களே, அச்சு அசலா அது மாதிரியே கீதுண்ணா."

மறுநாள் காலை பெஞ்சின் மேல் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

அதற்கடுத்த நாள் மல்லிகைச் சரம். அப்புறம் மஞ்சள் குங்குமம், நெட்டப்பாக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் வைத்த இரண்டு கரும்பு, குழந்தை வரம் கேட்டு யாரோ கூரைக் கம்பியில் கட்டிவிட்டுப் போன சின்னத் தொட்டில். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே பெஞ்சு பிடிக்கப் போய் மாதாவே வந்து இறங்கிவிட்டாள். மழையில் ஜனம் கூரைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, நனைந்துகொண்டே நின்றது.

கண்ணையன் கடையில் பிஸ்கெட் பாட்டிலுக்குப் பக்கத்தில் மெழுகுவத்திக் கட்டு தொங்கியது.

"துரோகி" என்றார் மரியதாஸ்.

"நான் விக்கலன்னா வில்லியனூர்லேந்து வாங்கியாரப் போறாங்கண்ணா. எனுக்கு வேற சக்கர வியாதி, செலவு கீது."

கடைசியில் மரியதாஸ் தானே போய் உட்கார்ந்து காட்டுவது என்று முடிவு செய்தார். தினமும் காலையில் போய், மெழுகைச் சுரண்டிவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். என்ன ஆயிற்று? அவரை மாதாவுக்கு ஊழியம் பார்க்கும் கோயில்பிள்ளை என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி வந்து எதிரே தரையில் குந்தி, புருஷன் குடிப்பதைச் சொல்லி அழுதாள். ஒரு பெரியவர் மகளுக்கு வரன் அமையாததைச் சொன்னார். கல்லூரிப் பெண் ஒருத்தி பரீட்சை பயத்தைச் சொன்னாள். "நான் ஒண்ணும் இல்லம்மா, சும்மா உக்காந்துக்கினு கீறேன்" என்றால் யாரும் கேட்பதாக இல்லை. வேறு வழியில்லாமல் கேட்டார். கேட்டபின் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அறுபத்தைந்து வயதில், ஒரு பஸ் ஸ்டாப்பில், மரியதாஸ் ஜனங்களோடு பேசக் கற்றுக்கொண்டார்.

ராத்திரி வீட்டுக்குப் போனால் அன்றைக்குக் கேட்டதையெல்லாம் இன்பமேரியிடம் சொல்ல வேண்டும்போல் இருக்கும். அவள் படத்தைப் பார்ப்பார். டிவியைப் போட்டுவிடுவார்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊர்ச் சனம் கல்லறைத் தோட்டத்தில் பூ வைத்துவிட்டு, வருகிற வழியில் பெஞ்சுக்கும் வைத்துவிட்டுப் போனது. செவ்வந்திக் குவியலில் பெஞ்சே தெரியவில்லை. அந்தப் படம் எப்படியோ செல்போன் செல்போனாகப் போய், மறுநாள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஜேசிபி.

"யாரு சார் இத கட்டுனது? ரோட்டு ஓரத்துல அனுமதி இல்லாம வழிபாட்டுத் தலம் கட்டக் கூடாதுன்னு தெரியாது?"

"ஐயா, இது பெஞ்சுங்க."

அதிகாரி தொட்டிலைப் பார்த்தார், மெழுகுவத்தியைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார். "பெஞ்சு?"

"சத்தியமா பெஞ்சுங்க. எங்க வூட்டம்மா பேர்ல போட்டதுங்க."

"பெஞ்சுன்னா யாராச்சும் உக்காரணும்ல பெரியவரே? நீங்க உக்காந்தா கணக்குல வராது. உங்கள பூசாரின்னு எழுதித்தான் எனுக்கு மனுவே வந்திருக்குது. வேற ஒரே ஒரு ஆள் உக்காந்து காட்டட்டும், நான் வந்த வழியே போயிடறேன்."

மரியதாஸ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கைகூப்பினார்.

"எம்மா, யாராவது ஒருத்தர் உக்காருங்கம்மா. அவ இங்க நின்னு நின்னு கால் தேஞ்சு போனவ. அந்தப் பாவத்தக் கழுவத்தான் இதப் போட்டேன். ஐயா, நீயாவது உக்காருப்பா. கண்ணையா, டேய்!"

கண்ணையன் தலையைக் குனிந்துகொண்டான். "கல்லறைக்குக் கல்லறையும் ஆச்சு, சாமிக்குச் சாமியும் ஆச்சு. எப்படிண்ணா உக்கார்றது?"

ஜேசிபிக்காரன் இஞ்சினை முடுக்கினான். மரியதாஸ் குழந்தை மாதிரி விசும்பி அழ ஆரம்பித்தார். ஊரே பார்க்கிறதே என்ற வெட்கம்கூட இல்லை.

அந்த நேரத்தில் பஸ் வந்து நின்றது. நல்லவாடு குப்பத்து மீன்காரி தையலம்மாள் அன்னக்கூடையோடு இறங்கினாள். மகள் பிரசவத்துக்கென்று போனவள், பல மாதம் கழித்து இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வருகிறாள். கூடையை இறக்கினாள், செவ்வந்தியைப் புறங்கையால் ஒதுக்கினாள், பெஞ்சின் நட்டநடுவில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்பாடா! எந்தப் புண்ணியவதி பேர்ல போட்டதோ, நல்லா இருக்கட்டும்."

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இடி விழவில்லை. தையலம்மாள் வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். அதிகாரி கொஞ்சம் பார்த்தார், சிரித்தார், ஜேசிபிக்காரனுக்குக் கை காட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்று வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நிறைமாதக்காரி, இப்போது கைக்குழந்தைக்காரி, மெல்ல வந்து தையலம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொரு கிழவர் வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

மரியதாஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தையலம்மாள் முன்னால் போய் நின்றார்.

"எம்மா, நீ நல்லா இருக்கணும். எங்க வூட்டம்மா இன்பமேரி பேர்ல போட்டதும்மா இது."

"இன்பமேரி அக்காவா? ஐயோ, போயிட்டாங்களா?" தையலம்மாள் மார்பில் கை வைத்தாள். "தங்கமான மனுஷிண்ணா. சனிக்கிழமையானா நான் கூடைய இறக்கி வெச்சிட்டு அவங்ககூடப் பேசிட்டுத்தான் தெருவுக்குள்ளயே போவேன்."

"ஆமாம்மா. மாதா கோயிலுக்குப் பஸ் ஏற வருவா. எவ்ளோ நேரம் நின்னாளோ, எத்தினி பஸ்ஸ விட்டாளோ. இனிமே இங்க யாரும் நிக்கக் கூடாது, அதான்..."

டீக்கடையிலிருந்து கண்ணையன் கையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினான். தையலம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

"கோயிலுக்கா? அவங்க ஒருநாளும் பஸ்ஸே ஏறினதில்லியேண்ணா. வூட்ல வாயத் தொறந்து பேச ஆளில்லன்னு, பஸ்ஸுக்கு வர்றவங்ககிட்ட நாலு வார்த்த பேசத்தான் இங்க வந்து நிப்பாங்க."