வேன் அக்காவின் பக்கம்

ஜொகூர் மாநிலத்திலேயே, பூட்டிக் கிடந்த கோயிலுக்கு வாரம் தவறாமல் ஆள் ஏற்றிக்கொண்டு போன ஒரே மனுஷி எங்கள் வேன் அக்காதான். இதை யாராவது மறுத்தால், பண்டார் தெங்காராவிலிருந்து குலாய் வரைக்கும் ஒரு தடவை அக்காவின் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வரச் சொல்வேன். இறங்கும்போது ஒப்புக்கொண்டுவிடுவார்கள். ஒப்புக்கொள்ளாமல் அக்கா கதவைத் திறக்க மாட்டார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் சபைப் பட்டியலில் யாரோ 'திருமதி வேன்' என்று எழுதிவைத்திருந்தார்கள். அக்கா அதைத் திருத்தச் சொன்னதில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஒரு துண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை அதே மஞ்சள் வேனில் தோட்டத்துக் கிறிஸ்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் அக்கா எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் வருவார். அவரிடமும், "ஒண்ணுக்குப் போயிட்டு வந்தீங்களா? நடுவுல நிறுத்த மாட்டேன்" என்றுதான் கேட்பார். கிராணி அங்கிளும் பள்ளிப் பையன் மாதிரி, "போயிட்டேங்க்கா" என்பார்.

நான் அப்போதுதான் அந்தப் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில், எண்ணெயைப் பரிசோதிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் சிகாமட். ஆலைக் குடியிருப்பில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் செம்பனை மரங்கள், மூடினால் நான். வார நாட்களில் இயந்திரச் சத்தமாவது துணைக்கு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இருக்காது. சனிக்கிழமை மத்தியானம் ஒரு வார்த்தை பேசினால், அடுத்த வார்த்தை திங்கட்கிழமைதான். இடையில் அம்மாவின் போன் மட்டும் வரும். "சர்ச்சுக்குப் போனியா?" என்று கேட்பார். மூன்று வாரம் போனேன் என்று பொய் சொன்னேன். நான்காம் வாரம் மனசாட்சி உறுத்தியதா, தனிமை தாங்கவில்லையா என்று தெரியவில்லை, வேன் வரும் என்று ஆலையில் யாரோ சொன்ன முச்சந்தியில் போய் நின்றேன்.

வேன் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அக்கா.

"குலாய்ப் பக்கம்" என்றேன்.

உள்ளே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அலமாக், ஒரு பக்கமும் இல்லாத ஆளு வந்திருக்கு. முன்னாடி வந்து உக்காரு தம்பி. பசியாறிட்டியா?"

அந்த ஊரில் என்னிடம் பசியாறிவிட்டாயா என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

'பக்கம்' என்பதன் அர்த்தம் குலாய் போய்ச் சேர்வதற்குள் புரிந்தது. குழந்தைக்குத் தலையில் தண்ணீர் தெளித்துக் கொடுக்கும் ஞானஸ்நானமே போதும் என்பது சபையின் பழைய வழக்கம். வளர்ந்தபின் தண்ணீரில் முழுகி எடுத்தால்தான் செல்லும் என்று போதகம் பண்ணினார், புதிதாக வந்த பாஸ்டர். தலைமையகம் வேறொரு போதகரை அனுப்பியது. பாஸ்டர் போக மறுத்தார். பாதிச் சபை தெளிப்பு, பாதிச் சபை முழுக்கு என்று ஆகி, கட்டடம் யாருக்கு என்று வழக்குப் போட்டு, கடைசியில் கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. முதல் ஒரு மாதம் அக்கா எல்லாரையும் அந்தப் பூட்டிய கேட்டுக்கு முன்னால்தான் கொண்டுபோய் இறக்கினாராம். "பூட்டுனது கேட்டை. என்னையா பூட்டுனாங்க?" என்பது அவர் வாதம். கேட்டுக்கு முன்னால் வெயிலில் நின்றுவிட்டு, எல்லாரும் திரும்ப வேனில் ஏறுவார்களாம். பிறகு முழுக்குக்காரர்கள் ஒரு டயர் கடையின் மாடியைப் பிடித்தார்கள். தெளிப்புக்காரர்களுக்குப் பாலர் பள்ளி ஒன்று கிடைத்தது. அங்கே நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். பெரிய பெரிய ஆட்கள் அதில் உட்கார்ந்து, தாடை முட்டியில் இடிக்க வேதம் கேட்டார்கள்.

தோட்டத்துக்குள் வரும் வேன் அது ஒன்றுதான். ஆகவே இரண்டு பக்கமும் அதில்தான் ஏறியாக வேண்டும். அக்கா உட்கார வைக்கும் முறை பள்ளிக்கூட முறை: சண்டை போட்ட இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். கிராணி அங்கிள் தெளிப்பு. அவருடைய மனைவியின் தம்பி டேவிட் முழுக்கு. மச்சான்கள் இருவரும் ஒரு வருஷமாகப் பேசவில்லை. அக்கா அவர்களை ஒரே சீட்டில் வைத்து பெல்ட் மாட்டிவிட்டார்.

"அக்கா, பக்கத்துல இருக்கிறவர்கிட்ட ஜன்னலைக் கொஞ்சம் மூடச் சொல்லுங்க" என்பார் கிராணி அங்கிள்.

"ஏன், அவருக்குக் காது இல்லயா?"

"காது இருக்குங்க்கா. உள்ள தண்ணி போயிருக்கு."

அன்றிலிருந்து வேனுக்குள் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடாது என்று அக்கா சட்டம் போட்டார். மழை கொட்டினாலும் யாரும் மழை என்று சொல்வதில்லை. இது தெரியாமல் நான் ஒரு நாள், "தண்ணி இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டேன். வேன் முழுவதும் மூச்சை நிறுத்தியது. அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி பாட்டிலை நீட்டினார். "இது குடிக்கிற தண்ணி. யாரும் வாயைத் திறக்க வேணாம்."

இன்னொரு ஞாயிறு, செம்பனைக்கு நடுவே புகை விட்டு வண்டி நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. முழுக்குக்காரர்கள் இறங்கிச் சாலையின் வலப்பக்கம் நின்று கையை உயர்த்திச் சத்தமாக ஜெபித்தார்கள். தெளிப்புக்காரர்கள் இடப்பக்கம் நின்று புத்தகத்தைப் பார்த்து ஜெபித்தார்கள். நடுவில் நானும் அக்காவும். அக்கா இரண்டு பக்கமும் போய், பிள்ளைகளிடம் பலகாரத்தைப் பிடுங்குவது மாதிரி எல்லாருடைய தண்ணீர் பாட்டில்களையும் பிடுங்கி வந்து ஊற்றினார். வண்டி கிளம்பியது. யாருடைய ஜெபத்தினால் கிளம்பியது என்று குலாய் வரைக்கும் வாக்குவாதம்.

நான் இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். பாலர் பள்ளியில், "முழுக்கு வீட்டுப் பையனா?" என்று கேட்டார்கள். டயர் கடை மாடியில், "எப்போ தம்பி முழுக்கு எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். என் பெயரை யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் நான் வேனிலிருந்து இறங்கவில்லை. அக்கா மூடியிருந்த கடைவரிசை ஒன்றின் நிழலில் வண்டியை நிறுத்தினார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார். பிறகு பைபிளைத் திறந்து, புகார்க் கடிதம் வாசிப்பது மாதிரி சத்தமாக வாசித்தார். காலியான வேனில் அந்தக் குரல் பின் சீட்டு வரை போய்த் திரும்பியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பேரைக் கோயிலுக்குக் கூட்டி வரும் அக்கா எந்தக் கோயிலுக்கும் போவதில்லை.

"நீங்க ஏங்க்கா உள்ள போறதில்ல?"

"நான் அங்க போய் உக்காந்தா இவங்க வேன்ல ஏற மாட்டாங்க. இங்க போய் உக்காந்தா அவங்க ஏற மாட்டாங்க. தோட்டத்துல உள்ள கிழவன் கிழவிங்க எப்படி வருவாங்க, நடந்தா?"

"திருவிருந்துல அப்பமும் ரசமும் எடுத்து எவ்வளவு நாளாச்சு?"

"பூட்டு போட்டதுலேருந்து இல்ல" என்றார். பதினான்கு மாதம். சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அக்காவுடைய கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார் என்று பிற்பாடு வேறு ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளைகள் இல்லை. வாரம் முழுக்க ஊரார் பிள்ளைகளின் இரைச்சல், வீட்டுக்குப் போனால் ஒரு குரல் கிடையாது.

சில மாதங்களில் வேனில் நாங்கள் நாலு பேரானோம். ரோஸ்லின் அம்மாவும் அவருடைய மகள் சாந்தியும் சேர்ந்துகொண்டார்கள். சாந்திக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பேச்சும் சிரிப்பும் ஏழெட்டு வயதோடு நின்றிருந்தன. பாட்டு முடிந்தபிறகு கடைசி வரியைத் தனியாக, உரக்க, இன்னொரு தடவை பாடுவார். பழைய கோயிலில் அவர் பாடி முடிக்கும் வரை எல்லாரும் காத்திருப்பார்களாம். புது இடங்களில் காத்திருக்கவில்லை. பாலர் பள்ளியில், ஒழுங்கு கெடுகிறது என்று பின்னால் உட்கார வைத்தார்கள். டயர் கடை மாடியில் பத்துப் பேர் சுற்றி நின்று தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்ததில், சாந்தி பயந்து மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டார். அதன்பின் இரண்டு பேரும் வேனைவிட்டு இறங்கவில்லை. அக்கா வாசிப்பார், நாங்கள் ஒரு பாட்டுப் பாடுவோம், சாந்தி கடைசி வரியைப் பாடுவார், அக்கா "ம்" என்பார். ஆராதனை முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு வியாழக்கிழமை காலை ரோஸ்லின் அம்மா மருத்துவமனையில் இறந்துபோனார். கிறிஸ்தவ இடுகாட்டில் அடக்கம் பண்ணச் சபையின் கடிதம் வேண்டும். அக்கா முதலில் பாலர் பள்ளிப் போதகரைக் கேட்டார். மாதக்கணக்கில் ஆராதனைக்கே வரவில்லை, அந்த அம்மா எங்கள் கணக்கில் இல்லை என்றார் அவர். பாஸ்டரைக் கேட்டார். முழுக்கு எடுக்கவில்லையே என்றார் அவர். யாருடைய பக்கமும் இல்லாதவரைப் புதைக்க ஆறடி இடம் கிடைக்கவில்லை.

அக்கா சண்டை போடவில்லை. அவர் சண்டை போடாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஆலைக்கு வந்து என்னை லீவு போட வைத்தார். நானும் சாந்தியும் பின் சீட்டில். நேரே போதகர் வீடு. "ஐயா, துக்க வீட்டையாவது ஒரு தடவ பாத்துட்டு வாங்க." அவர் நல்ல மனுஷர், ஏறிவிட்டார். அடுத்து பாஸ்டர் வீடு. அதே வார்த்தை. அவரும் நல்ல மனுஷர்தான், கதவைத் திறந்தபிறகுதான் உள்ளே யார் இருக்கிறார் என்று பார்த்தார். அதற்குள் அக்கா சீட்டைக் காட்டிவிட்டார். "பக்கத்துல உக்காருங்க. பெல்ட் போடுங்க."

தோட்டத்து வீட்டுக்கு முக்கால் மணி நேரம். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள். பாதி வழியில் சாந்தி முன்னால் சாய்ந்து, போதகரின் தோளைத் தட்டினார்.

"ஐயா, அம்மா எங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். "அம்மா ஆண்டவர்கிட்ட போயிருக்காங்கம்மா."

"சர்ச்சுக்கா?"

"ஆமாம்மா."

"எந்த சர்ச்சுக்கு?"

போதகர் தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாந்தி பாஸ்டரின் தோளைத் தட்டினார். "எந்த சர்ச்சுக்கு?" பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வீடு வரும் வரை துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா கியரை மாற்றினார்.

சனிக்கிழமை அடக்கம் நடந்தது. கடிதத்தைப் போதகர் கொடுத்தார். வீட்டில் பாஸ்டர் ஜெபித்தார், குழியருகே போதகர் வாசித்தார். சிகாமட்டிலிருந்து ரோஸ்லின் அம்மாவின் அண்ணன் வந்து, சாப்பிட்டுவிட்டு, சாந்தியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். இரண்டு பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் சாந்தி கடைசி வரியைப் பாடினார். எல்லாரும் காத்திருந்தார்கள். கிராணி அங்கிள் கைக்குட்டையைத் தேடினார். அது டேவிட்டின் கையிலிருந்து வந்தது. அக்கா எல்லாருக்கும் பின்னால், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பூட்டு போட்டதிலிருந்து, வேனுக்கு வெளியே அவர் கலந்துகொண்ட முதல் ஆராதனை அது.

அதனால் சபை ஒன்று சேர்ந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. சேரவில்லை. பூட்டு இன்னும் தொங்குகிறது, வழக்கு இன்னும் நடக்கிறது. மச்சான்கள் ஜன்னல் விஷயம் மட்டும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். சாந்தியை அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். அதோடு ஒரு புதுச் சட்டமும் போட்டார்: "ஒரு வாரம் இங்க வருவா, ஒரு வாரம் அங்க வருவா. பாடி முடிக்கிற வரைக்கும் ரெண்டு எடத்துலயும் யாரும் ஆமென் சொல்லக் கூடாது. இஷ்டம் இல்லாதவங்க நடந்து போங்க." யாரும் நடந்து போகவில்லை. அக்கா இல்லாமல் சாந்தி எங்கேயும் உட்கார மாட்டார், ஆகவே அக்காவும் கூடவே உள்ளே போக வேண்டியதாயிற்று. அதற்காக யாரும் வேனில் ஏறாமல் இருந்துவிடவில்லை. இப்போது குலாயிலேயே இரண்டு சபையிலும் திருவிருந்து எடுக்கும் ஆள் அக்கா ஒருவர்தான். முழங்கால் உயர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்த்து யாரும் சிரித்துவிட முடியாது. திரும்ப வீட்டுக்குப் போக வேண்டுமே.

அக்கா பத்திரிகை படிக்கிற வழக்கமில்லாதவர் என்ற தைரியத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கார் வாங்கி இரண்டு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஆலை ஷெட்டுக்குப் பின்னால், சாலையிலிருந்து தெரியாதபடி நிறுத்திவிட்டு, முச்சந்திக்கு நடந்து வந்து நிற்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.