நீலக் கேசட்டில் ஒரு சிரிப்பு

அந்தச் சிரிப்பை ஒழித்துக்கட்டியே தீருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது.

சிரிப்பு இருந்தது ஒரு கேசட்டில். கல்லூரி நாட்களில் அவரும் நண்பர்களும் ஒரு கிட்டார் குழுவின் பின்னால் பைத்தியமாகத் திரிந்தார்கள். குழு எப்போதோ கலைந்துவிட்டது. பைத்தியம் கலையவில்லை. ஆரம்பகாலக் கச்சேரிகளை மேடைக்குக் கீழே நின்று பதிவு செய்தவர்களெல்லாம் இப்போது கேசட்டுகளைத் தூசிதட்டி, சிறந்ததை மட்டும் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர், பல் டாக்டர். சட்டம் ஒன்றுதான்: வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது.

குழுவின் முதல் கச்சேரி கூடைப்பந்து மைதானத்தில், கொட்டுகிற மழையில் நடந்தது. அதைப் பதிவு செய்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். நம்மவர். தொகுப்பின் முதல் பாட்டு தன்னுடையதாக இருக்க வேண்டும். அது மட்டும் நடந்துவிட்டால் போதும், பிறவிப் பயன் கிட்டியது போல.

ஆனால் பாடகன் உருகி உருகிப் பாடும் இடத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரிக்கிறாள். அடக்குகிறாள். முடியாமல் மறுபடி வெடிக்கிறாள்.

"யாருங்க அது?" என்று கேட்டாள் மனைவி, தோளில் குழந்தையைத் தட்டியபடி.

"யாரோ ஒரு கழுதை."

"கழுதை சிரிக்குமா?"

"இது சிரிக்குது. கையில கிடைச்சா வாயில துணியை அடைப்பேன்."

"கிடைக்கலையேன்னு வருத்தமா?"

"பின்னே! எங்க கூட்டத்துல இருக்கிற டிரைவிங் மாஸ்டர் கேசட்ல ஒரு இருமல்கூட இல்ல. அவன் பாட்டுதான் முதல்ல வரும். நான் அந்த ஒரு இடத்தை மட்டும் அழிச்சுடப் போறேன்."

"வெட்டக் கூடாதுன்னு சட்டமாமே?"

"வெட்டினாத்தானே? மேல வெறும் சத்தத்தைப் பதிவு பண்ணப் போறேன். மழைன்னு நினைச்சுக்குவாங்க."

"அடேயப்பா, என்ன மூளை!" என்றாள் அவள். அந்தப் பாராட்டில் அவர் மயங்காமல் இருந்திருக்கலாம்.

குழந்தை தூங்கியதும் வேலையில் இறங்கினார். ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார். குழந்தை எழுந்தால் உயிர் மிஞ்சாது. அந்த இடம் அவருக்கு மனப்பாடம். நாடாவை அங்கே ஓட்டி நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். சிரிப்பு ஒழிந்தது.

மறுநாள் பல் டாக்டர் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். அவருடைய கேசட் ஓடியது. மழை. கிட்டார். உருக்கம். அப்புறம், களுக்!

கண்ணாடிக்கடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. சிரிப்பு முழுசாக, ஒரு முத்துக்கூட உதிராமல் அப்படியே இருந்தது.

டிரைவிங் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டேய், நாம எல்லாருமே அன்னிக்கு இப்படித்தாண்டா இருந்தோம்..."

"இதுதான் முதல் பாட்டு" என்றார் பல் டாக்டர். "அந்தப் பொண்ணு எங்கே இருந்தாலும் தேடிப் பிடி. வெளியீட்டுக்கு அவங்கதான் சிறப்பு விருந்தாளி."

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னார். மனைவி கேட்டாள். உதட்டைக் கடித்தாள். அடக்கினாள். முடியாமல் வெடித்தாள்.

அதே களுக்!

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவர் வீட்டில் கேட்டதே இல்லை. சிரிக்க வைத்திருந்தால்தானே கேட்பதற்கு!

"நீயா? எதுக்குச் சிரிச்ச அன்னிக்கு?"

"முன்னால ஒருத்தர் டேப் ரிக்கார்டருக்குக் குடை பிடிச்சுக்கிட்டு, தான் தெப்பமா நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. தும்மினா பதிவாயிடும்னு மூக்கை வேற பொத்திக்கிட்டாரு. ஒரு பெட்டியையே இப்படிப் பார்த்துக்கிறவர் பெண்டாட்டி பிள்ளையை எப்படிப் பார்த்துக்குவார்னு நினைச்சேன். அப்புறம் கண்ணாடி வாங்க வந்தா, கடையில நீங்க!"

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"கழுதைன்னு தெரிஞ்சா கட்டிக்குவீங்களா?"

அவர் அசடு வழிந்தார். மழை வாசனை கூட வந்தது போலிருந்தது. பிறகு திடீரென்று நிமிர்ந்தார்.

"அப்போ நான் அழிச்சது?"

"ரெண்டும் நீலக் கேசட்தானே? பெட்டி மாத்தி வெச்சேன், நீங்க தூங்கினதும் திருப்பி மாத்திட்டேன். நீங்க அழிச்சது, பாப்பா தூங்க நான் பாடி வெச்ச தாலாட்டு."

"ஐயையோ!"

"பதறாதீங்க. வெளியீட்டுக்கு நான் போயிட்டு வர்றேன், சிறப்பு விருந்தாளி இல்லையா! கேசட்டைப் போட்டுப் பாப்பாவைத் தூங்க வைங்க. பாதியில பாட்டு நின்னுபோகும், உடனே முழிச்சுக்குவா. அந்த இடத்தை மட்டும் நீங்களே பாடிடுங்க, உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே!"