நாலு பாடமும் ஒரு கூடைக் கொழுந்தும்

உனக்கு வேறு வேலையே இல்லையா? வாத்தியாருக்குப் படிக்கப் போகிற பெண், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அம்மாயியின் மானம் போன கதையைத் தோண்டுகிறாயே! (நாலு பேருக்கிட்ட சொல்லத்தானே கேக்குற, கழுதை?) சரி, நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள்.

உன் தாத்தா மலைநாட்டில் றொசல்லைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வாத்தியார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதோடு சும்மா இருந்தாரா? அந்த வகுப்பு வாத்தியார்களுக்கென்று ஒரு மேற்படிப்பு இருக்கிறதென்று அதற்கும் கிளம்பினார். மொழி, கணக்கு, பூமிசாத்திரம், விஞ்ஞானம், நாலையும் ஒன்றாகப் படிக்க வேண்டும். நானோ இரண்டாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள்.

ஒரு பாடம் படிக்கிற புருஷனோடு வாழ்ந்துவிடலாம். நாலு பாடம் படிக்கிறவரோடு? கூரை ஒழுகினால் சட்டி எடுத்து வைக்க மாட்டார். மழை எப்படி உண்டாகிறது என்று சொல்வார். நான் சட்டி வைத்தால், அது நிறைய எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போடுவார்.

இரண்டு வருஷம் நான் பறித்தேன், அவர் படித்தார். கடைசிப் பரீட்சை எழுதுகிற பரீட்சை இல்லை. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து வகுப்பில் உட்காருவார். அவர் கண்ணெதிரே நாலு பாடத்தையும் ஒரே பாடமாகச் சேர்த்து நடத்திக் காட்ட வேண்டும். அதில் கோட்டை விட்டால் இரண்டு வருஷமும் ஆற்றோடு போச்சு.

தாத்தா தேயிலையைப் பாடமாக எடுத்தார். இளங்கொழுந்து, முத்தல், கொப்புள நோய் பிடித்தது எல்லாவற்றையும் கூடையில் கலந்து வைத்தார். பிள்ளைகள் அதைப் பிரித்து, எண்ணி, நோயைப் பார்த்து, எந்த மலையில் எது விளையும் என்று சொல்லி, கடைசியில் அதைப் பற்றி எழுத வேண்டும். எவ்வளவு அழகான யோசனை! எனக்கு மட்டும் சொல்லவில்லை.

“இத பத்திரமா தூக்கிட்டு வா புள்ள” என்றார், அவ்வளவுதான். (துணிக்கடைக்கார முஸ்லிம் நானாக்கிட்ட எரவல் வாங்குன கோட்டைப் போட்டுக்கிட்டுக் கூடை சொமக்க முடியுமா?)

பெரியவர் வந்த ரயில் தாமதம். நான் பள்ளிக்கூட வாசலில், மழைத்தண்ணீர் ஓடும் கான் பக்கமாக, கூடையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். கூடைக்குள் பார்த்தால் முத்தலும் நோயிலையுமாகக் கிடந்தது. இப்படி ஒரு கூடையை நிறுக்கக் கொண்டுபோனால் கணக்கப்பிள்ளை என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். கொழும்புக்காரர் முன்னால் என் புருஷன் இதையா நீட்டுவது?

பதினைந்து வருஷப் பழக்கம்; கை தானாக ஓடியது. முத்தல், கொப்புளம், காம்பு எல்லாம் கானுக்குள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கூடை சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாடம் தொடங்கியது. நான் சன்னலோரம் நின்றேன்.

“நல்ல எலை எது, முத்தல் எது, நோய் எலை எது? பிரிச்சு வைங்க பாப்போம்” என்றார் தாத்தா.

பிள்ளைகள் கிண்டிக் கிண்டிப் பார்த்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். “சார், எல்லாமே நல்ல கொழுந்து சார்!”

தாத்தா கூடைக்குள் தலையை விட்டார். வெளியே வந்த முகம் வெந்த கிழங்கு மாதிரி இருந்தது. பெரியவர் நோட்டில் ஏதோ எழுதினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கானில் குதித்தேன். வளைவில் குப்பையோடு அடைத்துக் கிடந்த இலைகளை இரண்டு கையாலும் அள்ளி, வகுப்புக்குள் ஓடி, மேசையில் கொட்டினேன். மேசையில் என்றா சொன்னேன்? பெரியவரின் நோட்டில். எழுதிய மை எல்லாம் சேற்றுத் தண்ணீரில் கரைந்து வழிந்தது.

“ரோசம்மா, வெளிய போ!” என்று தாத்தா பல்லைக் கடித்தார்.

“அவரு மேல தப்பில்லைங்க ஐயா. நான்தான் பொறுக்கி எறிஞ்சேன்.”

பெரியவருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். “ஏன் எறிஞ்சனீங்கள்?” என்றார்.

“முத்தலக் கொண்டாந்தா யாருங்க எடுப்பாங்க?”

அவர் ஒரு இலையை எடுத்தார். “இது நல்லதுதானே?”

“ஐயோ, மடிச்சுப் பாருங்க. ஒடியுதில்ல? முத்தல்! இதக் கொண்டுபோனா ஒங்களுக்கு அரைநாள் பேருதான், பாதிச் சம்பளம்.”

இன்னொன்றை எடுத்தார். நான் விடவில்லை. “வெளிச்சத்துல புடிங்க. எண்ணெ பட்ட மாதிரி புள்ளி தெரியுதுல்ல? நோய்!” மூன்றாவதை எடுத்தார். வகுப்பே கத்தியது: “முத்தல்!”

தாத்தாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கரும்பலகையில் எழுதச் சோக்கட்டியை எடுத்தார். “பிள்ளைங்களா, ஐயா மூணு எலை எடுத்தாரு. மூணும் தப்பு. நூத்துக்கு எத்தனை?”

“நூறு சார்!”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பாடம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, மலை இறங்குகிற ரயில் தோற்றுவிடும். என் புருஷனா இவர் என்று வாயைப் பிளந்து நின்றேன்.

திரும்பும் வழியில் தாத்தா ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார். “வெளிச்சத்துல புடிச்சுப் பாக்குறத எங்கிட்ட ஏன் சொல்லல?”

“கூடயில என்னான்னு நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?”

இன்றைக்கும் நம் வீட்டில் யாராவது பரீட்சைக்குக் கிளம்பினால், “மொதல்ல அம்மாயி கையக் கட்டுங்க” என்கிறார்கள். நாளைக்கு நீயும் சொல்லுவாய், தெரியும்.

அந்தப் பரீட்சை நடந்து ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனால் லயத்துப் பெண்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். “ஏன்டி ரோசம்மா, வாத்தியாரு பாஸாமே, மெய்யா?”

குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன்:

“மெய்தான்க்கா. நாலு பாடத்துலயும் எங்க வீட்டுக்காரரு பாஸு. பரீட்சை வைக்க வந்தவருதான் கொழுந்துல பெயிலு. பாவம், அடுத்த வருசம் எழுதட்டும்.”