ஆளுக்கொரு காது

யாருடைய குரல் இடப்பக்கம், யாருடையது வலப்பக்கம் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம்தான். மாற்றிச் சொன்னாலும் சொல்வேன். ஆனால் சண்டை நடந்தது நிஜம்.

பாட்டு மூன்று நிமிடம். ஒலிப்பதிவுக்காரரின் மனைவியும் தங்கையும் ஒரே வரிகளைச் சேர்ந்தே பாடியிருந்தார்கள். மறுநாள் அவருடைய அப்பாவின் பணி ஓய்வு விழா. மண்டபத்தில் அன்று மாலை ஐந்து மணிக்குள் பாட்டை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். யாருக்காவது மனக்குறை என்றால், நாளை ஒரு நாற்காலி காலியாக இருக்கும்.

"ஏங்க, என் குரல் கிணத்துக்குள்ளேருந்து வருது."

கணினியில் மனைவியின் வால்யூமை ஏற்றினார்.

"அண்ணா, நான் பாடினேனா, சும்மா வாயசைச்சேனா?"

தங்கையை ஏற்றினார். மனைவி முறைத்தாள். மறுபடி ஏற்றினார். திரையில் சிவப்பு எரிந்தது, ஸ்பீக்கர் கரகரத்தது. மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த தங்கையின் கணவர் ஒரு பக்கம் புரட்டினார்.

இரண்டையும் இறக்கினார்.

"கிடார்தான் கேக்குது!" என்றார்கள் இருவரும், அன்று முதன்முறையாக ஒரே குரலில்.

"சரி, ரெண்டு பேரையும் ஆளுக்கொரு ஓரமாத் தள்ளிடறேன்."

தங்கைக்குக் கண் கலங்கியது. "பாட்டுலகூடவாண்ணா என்னை ஓரங்கட்டணும்?"

"அவளுக்குன்னா உடனே கலங்கிடும். என்னை எந்த ஓரத்துக்குங்க அனுப்பறீங்க?"

"ஐயோ, ஸ்டீரியோம்மா! நீ இடது காதுல மட்டும் கேப்பே, அவ வலது காதுல மட்டும். யாரும் யார் மேலயும் இடிக்க மாட்டீங்க!"

மணி நாலே முக்கால். மனைவியின் குரலை இடது கோடிக்கும் தங்கையின் குரலை வலது கோடிக்கும் நகர்த்தினார். ஒரே இயர்போனின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

அறையில் சத்தமே இல்லை. அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இவ்வளவு நீண்ட அமைதியை அவர் அனுபவித்ததில்லை.

"இதுதாங்க என் குரல்!" மனைவி பூரித்தாள். "எப்படி இழையுது பாருங்க. அவ குறுக்க வராம இருந்தாலே போதும்."

"எனக்கே புல்லரிக்குதுண்ணா," என்றாள் தங்கை. "இத்தனை நேரம் அண்ணிதான் கெடுத்திருக்காங்க."

பாட்டு மண்டபத்துக்குப் போயிற்று. இருவரும் சிரித்துக்கொண்டே காபி போடப் போனார்கள்.

தங்கையின் கணவர் செய்தித்தாளை மடித்துவைத்தார். இயர்போனை எடுத்து, தங்கை கழற்றிவைத்த முனையிலிருந்த பொடி 'L' எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மச்சான், மெதுவாப் பேசுங்க. இடது முனை என் வீட்டுக்காரி காதுலதானே இருந்துச்சு."

விழாவுக்கு இருவரும் வந்தார்கள். அப்பா ஓய்வு பெற்றார். அந்த இயர்போனைத்தான் இன்றுவரை காணவில்லை.