பனிக்குள் கேட்ட மணி

பொருளைக் கண்ணில் காட்டாமலேயே கைப்பேசி லைவில் விற்றுத் தீர்த்த ஒரே மனிதர் எங்கள் லாக் அண்ணன்தான்.

கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மேட்டு மாரியம்மன் கோயில் வாசல். கொழுந்து லோரி ஓட்டி முடித்ததும் அண்ணன் குத்துவிளக்கு, பித்தளைக் குடம், தாம்பாளம் எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளில் மேட்டுக்கு ஏற்றுவார். கைப்பேசியைப் பிடிக்க நான். கடை விரித்ததும் பனி இறங்கிவிடும். திரை முழுக்க வெள்ளை. அதற்குள் ஒரு குரல்.

"அக்கா, விளக்கு தெரியுதா?"

"உங்க மூக்கே தெரியலையே!" என்று யாராவது எழுதுவார்கள்.

"பாத்து என்ன பண்ணப் போறீங்க லா? கேளுங்க!"

கரண்டியால் ஒரு தட்டு. ஓசை நீண்டால் கனமான பித்தளை. சட்டென்று அடங்கினால் மெல்லிசு. அக்காமார் காதாலேயே வாங்கினார்கள். முதலில் ‘லாக்’ என்று எழுதியவருக்குப் பொருள்.

"லாக்னா லாக். தொரையே வந்து கேட்டாலும் கெடையாது!"

ஒருமுறை பொங்கல் வைக்க அண்ணி கழுவிக் கவிழ்த்திருந்த வெண்கலப் பானையில் கரண்டி தவறிப் பட்டது. ஈப்போவிலிருந்து உடனே ‘லாக்’. பானை போயிற்று. அன்று அம்மனுக்கு வாழைப்பழம் மட்டும்தான். அண்ணி அந்த வாரம் முழுக்க என்னிடம் மட்டுமே பேசினார்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. லைவ் ஓடுவது தெரியாமல் பூசாரி பூசை மணியை அடித்துவிட்டார். கிள்ளானிலிருந்து ஓர் அம்மா எழுதினார்: ‘லாக்.’

"அண்ணே, அது கோயில் மணி," என்றேன்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "இதுவரைக்கும் யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்லடா. என் பேச்சு என்னாவறது?"

பூசாரி மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கைய வச்சுப் பாரு லாக்கு!"

அண்ணன் அந்த அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தார். "அக்கா, அது ஆத்தா மணி. கழட்ட முடியாது. மன்னிச்சிருங்க."

"மணி எனக்கெதுக்கு தம்பி? நான் அந்தத் தோட்டத்துல பொறந்தவ. கல்யாணமாகிப் போனப்புறம் அந்தச் சத்தத்த இன்னிக்குத்தான் கேட்டேன். மறுபடி கேக்கணும்னு லாக் போட்டேன்."

அண்ணன் மணியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப லாக்னா லாக்தான்கா."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பூசை நேரத்தில் விளக்கு, குடம் எதுவும் மேடேறுவதில்லை. மணிக்கு அருகே கைப்பேசி மட்டும்.

நானும் இப்போது தோட்டத்தை விட்டு வந்து கோலாலம்பூரில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் திரையில் ஒன்றும் தெரியாது. மணி ஓய்ந்ததும் வெள்ளைக்குள்ளிருந்து, "அக்கா, கேக்குதா?" என்று ஒரு குரல் வரும்.

எனக்கும் கேட்கிறது, அண்ணே.